கைப்பேசியும் கடவுள் பக்தியும்

(ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இணையமும் இளையரும்" என்னும் தலைப்பில் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். வழக்கமாக இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் கண் கெடும், படிப்பு கெடும், தூக்கம் கெடும் என்று மூன்று கேடுகளைச் சொல்லி அமர்ந்துவிடுவார்கள். அதையெல்லாம் உங்கள் வீட்டுப் பாட்டியே என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் ஆகிய மூன்று இடங்களிலும் இந்நாளில் பிள்ளைகளுக்கு ஒரே எச்சரிக்கை சொல்லப்படுகிறது. "இன்டர்நெட்டில் அலையாதே, மதி கெட்டுப் போகும், மதமும் கெட்டுப் போகும்" என்பதே அது. இந்த எச்சரிக்கை எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் அது பலிக்காமல் போகிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு நடக்கிறது. அங்கே ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், "சாமி கும்பிடுற பிள்ளைங்க போனைத் தொடவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உடனே ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப தேவாரப் பாட்டை வாட்ஸ்அப்ல அனுப்புனீங்களே ஐயா, அதை எதுல பாக்குறது?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார். ஆனால் அந்தப் பையன் கேட்டது குறும்புக் கேள்வி அல்ல. அதற்கு இன்றுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களில் பலர் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறீர்கள். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடுகிறது. உங்கள் பிழைப்பு அப்படி, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பதினாறு பதினேழு மணி நேரத்தில், பள்ளி நேரம் போக மிச்சமெல்லாம் பிள்ளைக்குத் துணை கைப்பேசிதான். ஆகவே, நீங்கள் தினமும் போய்வரும் அந்த ஊரிலிருந்தே என் கதைகளை எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் தேக்காவில் இறங்கிச் சிராங்கூன் சாலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கம்பம் என்று பழையவர்கள் சொல்லும் இடத்தில் வீரமாகாளியம்மன் கோயில். அப்படியே நடந்தால் அங்குலியா பள்ளிவாசல், அதைத் தாண்டினால் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில். இந்தப் பக்கம் டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், கம்போங் கப்பூரில் மெதடிஸ்ட் தேவாலயம், ரேஸ் கோர்ஸ் சாலையில் சாக்கிய முனி புத்தர் கோயில். கால் மணி, அரை மணி நடையில் இத்தனை தெய்வங்களுக்கும் வணக்கம் சொல்லிவிடலாம். பல்லாண்டுகளாக ஒருவர் வாசலை ஒருவர் கடந்து போய்வருகிறார்கள். காய்கறிக் கடையிலும் பூக்கடையிலும் ஒருவருக்கொருவர் பேரம் பேசி வாழ்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில்தான் 2020 டிசம்பரில் பதினாறு வயது மாணவன் ஒருவன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டான். 2021 ஜனவரி 27-ஆம் நாள் உள்துறை அமைச்சு அதை அறிவித்தது. அவன் கிறிஸ்தவன், அதிலும் நம்மைப் போல் இந்திய வம்சாவளிப் பிள்ளை. உட்லண்ட்ஸிலுள்ள யூசோஃப் இஷாக் பள்ளிவாசலையும் செம்பவாங்கிலுள்ள அஸ்ஸியாஃபா பள்ளிவாசலையும் தாக்கி அங்கே தொழ வருகிறவர்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்தான். நீங்கள் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்து நிற்கிறீர்களே, அந்த உட்லண்ட்ஸேதான். அவன் குறித்திருந்த நாள் 2021 மார்ச் 15. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019-இல் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட அதே தேதி!

பிள்ளைகள் இருக்கும் அவை, ஆகையால் எல்லா விவரமும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அந்த நிலைக்கு எப்படி வந்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கிறைஸ்ட்சர்ச் கொலைகாரன் தன் கொடுமையை ஃபேஸ்புக்கில் நேரலையாகவே காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்தக் காணொளியின் பதினைந்து லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்த நிறுவனமே சொன்னது. அப்படியும் அது தப்பித்துத் தப்பித்துப் பரவிற்று. நம் மாணவன் அதைப் பார்த்தான், கொலைகாரன் எழுதி வைத்திருந்த அறிக்கையையும் படித்தான். இன்னொரு பக்கம் ஐ.எஸ். இயக்கத்தின் பிரச்சாரக் காணொளிகளையும் பார்த்தான். "இதுதான் இஸ்லாம்" என்று தானே முடிவு கட்டிக்கொண்டான். கவனியுங்கள்! ஒன்றுக்கொன்று பகையான இரண்டு கூட்டங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே பையனின் மண்டைக்குள் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. ஐ.எஸ். காரன் காட்டிய படம், முஸ்லிமை வெறுக்கும் ஒருவனை உருவாக்க உதவியிருக்கிறது. எந்தப் பாதிரியாரும் அவனுக்கு இதைப் போதிக்கவில்லை. எந்தத் தேவாலயத்திலும் அவன் இதைக் கற்கவில்லை. அவனுக்குத் தலைவன் என்று ஒருவனும் இல்லை, கூட்டாளி என்று ஒருவனும் இல்லை.

அமைச்சின் அறிக்கையில் ஒரு செய்தி வருகிறது. அவனுடைய குடும்பத்தாருக்கும் பழகியவர்களுக்கும் அவன் திட்டமோ அவன் வெறுப்பின் ஆழமோ தெரிந்திருக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்கியவர்கள்! மார்பில் கட்டும் கவசத்தை இணையத்திலேயே வாங்கியிருக்கிறான். தான் செய்யப்போவதையும் நேரலையாகக் காட்ட எண்ணியிருக்கிறான். அவன் எழுதி வைத்திருந்த முடிவுகள் இரண்டே இரண்டு. செய்வதற்கு முன் பிடிபடுவது ஒன்று, செய்துவிட்டுப் போலீஸார் கையில் சாவது மற்றொன்று. பதினாறு வயதில் ஒரு பிள்ளை தன் எதிர்காலமென்று கண்டது இவ்வளவுதான். வகுப்பில் தினமும் முப்பது முகங்களைப் பார்க்கிறவர்களுக்கு இதைப் படித்தபிறகு ஒவ்வொரு முகத்தையும் மறுபடி ஒருமுறை பார்க்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

சரி, சமயத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பத்திரிகைகளும் வாட்ஸ்அப் குழுக்களும் கெட்ட செய்தியை ஓடி ஓடிச் சொல்லும், இதைச் சொல்லாது. தேசியத் தேவாலய மன்றத்தினர் முஸ்லிம் தலைவர்களைத் தொடர்புகொண்டு தங்கள் வருத்தத்தைச் சொன்னார்கள். முஸ்லிம் தலைவர்களும், இதை ஒரு பையனின் செயலாகவே பார்க்கிறோம், ஒரு மதத்தின் செயலாகப் பார்க்கவில்லை என்ற முறையில் நடந்துகொண்டார்கள். உட்லண்ட்ஸில் மறுநாளும் மக்கள் தொழுதார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போனார்கள். அப்படி நடந்ததற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் அனைத்துச் சமய மன்றம் தொடங்கியது 1949-இல். அதற்கு அடுத்த ஆண்டே அந்த ஊர் படக்கூடாத பாடுபட்டது.

நாத்ரா என்கிற மரியா ஹெர்டோக் வழக்கைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து மலாய்த் தாயிடம் வளர்ந்த சிறுமி அவள். நீதிமன்றம் அவளைப் பெற்றவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. கன்னிமாடத்தில் அவள் இருக்கும் புகைப்படங்களைச் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. அந்தப் படங்கள் எரிகிற நெருப்பில் எண்ணெயாயின. 1950 டிசம்பர் 11-ஆம் நாள் தொடங்கிய கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். அன்று கைப்பேசி ஏது, இணையம் ஏது? அச்சு மையிலேயே அத்தனை நடந்தது. ஆகையால், "எல்லாம் இந்தப் போன் வந்ததால வந்த வினை" என்று சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அன்று ஒரு படம் ஊரைச் சுற்றிவர ஒருநாள் ஆயிற்று, அதற்குள் தடுக்கவும் சமாதானம் பேசவும் கொஞ்சமாவது அவகாசம் இருந்தது. இன்று அந்த அவகாசம் இல்லை. அன்று ஊர் கூடிக் கெட்டது, இன்று ஒருவன் தனியறையில் கெடுகிறான். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான்.

இனி, அடியோடு தடை போட்டவர்கள் கதையைக் கேளுங்கள். யூதர்களில் மிகவும் ஆசாரமான ஒரு பிரிவினர் உண்டு. 2012 மே 20-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் நகரின் சிட்டி ஃபீல்டு விளையாட்டு அரங்கத்தையே வாடகைக்கு எடுத்து, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் கூடி, இணையத்தின் ஆபத்தைப் பற்றி மாநாடு நடத்தினார்கள். இன்றியமையாத தொழிலுக்கு வேண்டுமானால் வடிகட்டி வைத்துப் பயன்படுத்தலாம், வீட்டுக்குள் கூடாது என்பது அங்கே எழுந்த குரல். இஸ்ரேலில் அவர்களுக்கென்றே இணைய வசதியில்லாத கைப்பேசிகளும் விற்கப்படுகின்றன. அவர்கள் கட்டுப்பாட்டை நான் கேலி செய்யவில்லை. நாற்பதாயிரம் பேர் ஒரு விஷயத்துக்காகக் கூடுவது சாதாரணமா? நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தாலே நாங்கள் மகிழ்ந்து போகிறோம்! ஆனால் அங்கேயும் பெரியவர்கள் பார்வைக்கு ஒரு போன், சட்டைப்பைக்குள் இன்னொரு போன் என்று வைத்துக்கொள்ளும் இளையர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது போனில் கண்டதைப் பற்றி அவன் யாரிடம் போய்க் கேட்பான்? கேட்டால் போன் இருப்பது தெரிந்துவிடுமே! தடையினால் வரும் கேடு இங்கேதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைக்கக் கூடாதென்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம் அரசாங்கமும் அந்த வழியில் போகப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. நல்லது, வரவேற்கிறேன். நிறுவனங்களின் தலையில் பொறுப்பைச் சுமத்துவதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அதோடு நம் வேலை முடிந்துவிட்டதென்று பெற்றோர்கள் படுத்துவிடக் கூடாது. ஏன் என்று கேட்டால், இதையும் கேளுங்கள். 2023 ஜனவரியில் சிங்கப்பூரில் இன்னொரு பதினாறு வயது மாணவன்மீது கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவன் சிக்கியது எங்கே தெரியுமா? ராப்லாக்ஸ் விளையாட்டில்! முன்வரிசையில் உடனே தலைகள் நிமிர்கின்றன பாருங்கள், இவ்வளவு நேரம் நான் பேசியதற்கு ஒரு தலையும் நிமிரவில்லை. அந்த விளையாட்டுக்குள்ளேயே ஐ.எஸ். போர்க்களம் போல் சிலர் அமைத்து வைத்திருந்த தளங்களில் அவன் சேர்ந்து, படைவீரனாக நடித்து, அந்த நடிப்பு மெல்ல மெல்ல நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து அறையில் அம்மா இருந்தாலும், "பிள்ளை கேம்ஸ் விளையாடுது" என்றுதானே நினைப்பார்?

பெற்றோர்களே, அந்தச் செயலிகள் வேலை செய்யும் விதம் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். நம் மளிகைக் கடைக்காரர், நாம் நேற்று வாங்கியதை நினைவில் வைத்து இன்று அதையே எடுத்து நீட்டுவார் அல்லவா? அதுபோல, பிள்ளை எந்தக் காணொளியில் அதிக நேரம் நிற்கிறானோ அதே வகையை யூடியூபும் டிக்டாக்கும் மறுபடி மறுபடி நீட்டுகின்றன. மளிகைக் கடைக்காரருக்கு, "தம்பி, நேத்துதான இவ்வளவு சீனி வாங்குன, இன்னைக்கும் எதுக்கு?" என்று கேட்கும் மனசு உண்டு. இயந்திரத்துக்கு அது கிடையாது. கோபம் மூட்டும் படத்தில் பிள்ளை நின்றால் அடுத்தது அதைவிடக் கோபம் மூட்டும் படமாக வந்து விழும். வேறு மதத்தைப் பழிக்கும் ஒரு துணுக்கைப் பார்த்த பிள்ளைக்கு, ஒரு வாரத்தில் உலகமே அந்த மதத்தைப் பழிப்பதாகத் தோன்றிவிடும்.

எச்சரிக்கை பிள்ளைகளுக்கு மட்டும்தானா? பெரியவர்களுக்கு இல்லையா? 2017-இல் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமியே சூலியா பள்ளிவாசலில் ஒரு சம்பவம் நடந்தது. நம் தமிழ் முஸ்லிம் முன்னோர்கள் கட்டிய பள்ளிவாசல் அது, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பது. அங்கே பணியாற்றிய இந்திய நாட்டு இமாம் ஒருவர், வெள்ளிக்கிழமைத் தொழுகையில், யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் வெல்ல இறைவன் துணை செய்ய வேண்டும் என்னும் பொருள்பட ஒரு வேண்டுதலை ஓதினார். யாரோ அதைக் காணொளியாக எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட, ஊரே பார்த்தது. அவர் கிறிஸ்தவ, யூதப் பெருமக்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்கு 4,000 வெள்ளி அபராதம் விதித்தது. பிறகு ஊருக்கு அனுப்பப்பட்டார். அவர் மன்னிப்புக் கேட்ட பாங்கை எல்லோரும் மதித்தார்கள். அதை மறைக்க வேண்டாம். நான் சொல்ல வருவது இது. நான்கு சுவருக்குள் நம்மவர்களிடம்தானே பேசுகிறோம் என்று எந்த மேடையிலும் இனி யாரும் நினைக்க முடியாது. கோயில் திருவிழா மேடையில் வேறு சமயத்தை நையாண்டி செய்து கைதட்டல் வாங்கும் சொற்பொழிவாளர்கள் நம்மிடமும் உண்டு. பிள்ளைகளைப் பார்த்து இணையத்தில் கெட்டது இருக்கிறது என்கிறோமே, அங்கே இருக்கும் கெட்டதில் ஒரு பங்கை ஏற்றி வைத்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அதே சிங்கப்பூரில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்றைச் சொல்லுகிறேன். 2003-இல் உஸ்தாஸ் அலி ஹாஜி முகம்மது, உஸ்தாஸ் முகம்மது ஹஸ்பி ஹசன் ஆகிய இரு மார்க்க அறிஞர்கள் சமய மறுவாழ்வுக் குழு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். தீவிரவாதத்தில் சிக்கித் தடுத்து வைக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து, மாதக் கணக்கில், ஏன் வருடக் கணக்கில், பேசுகிறார்கள். "நீ படித்த வசனத்துக்கு அந்த அர்த்தம் இல்லை, முன்னும் பின்னும் படி" என்று எடுத்துக் காட்டுகிறார்கள். தொண்டர்களாகச் செய்கிறார்கள், சம்பளம் இல்லை. கேலாங் வட்டாரத்துக் கதீஜா பள்ளிவாசலில் அவர்களுக்கு ஒரு மையம் உண்டு, தொலைபேசி உதவி எண்ணும் உண்டு. தடுத்து வைக்கப்பட்ட இளையர்களுக்குப் பள்ளிப் பாடம் சொல்லிக் கொடுக்கவும் தொண்டர்கள் போகிறார்கள். ஆசிரியர் தொழிலில் இருப்பதால் எனக்கு அதுதான் நெஞ்சைத் தொட்டது. பள்ளிவாசல்களைத் தாக்க நினைத்த அந்தக் கிறிஸ்தவ மாணவனுக்கும் அவன் சமயத்தைச் சேர்ந்த ஆலோசகரின் வழிகாட்டல் கிடைத்தது. அவன் 2024-இல் தடுப்புக் காவலிலிருந்து விடுவிக்கப்பட்டான். யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். பிடிபடுவதற்கு முன்பே அப்படி ஒருவர் வாய்த்திருந்தால்? என்னை விட்டுப் போகாத கேள்வி அது.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடமும் கோயில் நிர்வாகத்தாரிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பில் கடைசி அரை மணியைக் கேள்வி நேரமாக ஒதுக்குங்கள். இந்த வாரம் போனில் என்ன பார்த்தாய், எது உன்னைப் பயமுறுத்தியது, எது உனக்குக் கோபம் மூட்டியது, எந்த மதத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பிள்ளைகளே சொல்லட்டும். அதைச் சொன்னதற்காக அடி கிடையாது, போனைப் பிடுங்குவது கிடையாது, வீட்டில் போய்க் கோள் சொல்வது கிடையாது என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பதில் தெரியவில்லை என்றால், "தெரியலப்பா, அடுத்த வாரம் கேட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இஸ்லாத்தைப் பற்றிய கேள்வி வந்தால் அடுத்த தெருச் சூராவுக்குப் போய் இமாமையே கேட்கலாம், அவரை ஒருநாள் தேநீருக்கு அழைக்கலாம். சிலுவையைப் பற்றிய கேள்விக்கு நம் பள்ளியிலேயே இரண்டு கிறிஸ்தவ ஆசிரியைகள் இருக்கிறார்கள்.

பாலம் தாண்டி வேலைக்குப் போகும் அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. இரவு களைத்து வருகிறீர்கள், தெரியும். சோறு போடும் நேரத்தில், "இன்னைக்கு போன்ல என்னடா பாத்த?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதட்டலாகக் கேட்காதீர்கள், பந்து ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பதுபோலக் கேளுங்கள். முதல் வாரம், "ஒண்ணுமில்லை" என்பான். இரண்டாம் வாரமும் அதையேதான் சொல்வான். மூன்றாம் வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதாவது ஒரு காணொளியைக் காட்டுவான், அது உங்களுக்குப் பிடிக்காததாகவே இருக்கும். அப்போது சட்டென்று முகம் சுளித்துவிடாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

தலைவர் அவர்கள் மணியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார்கள். மேசைமேல் கோப்பைகளும் புத்தகங்களும் காத்திருக்கின்றன, முதல் பரிசு வாங்கப்போகும் மூன்றாம் வகுப்புச் சிறுமி மூன்று தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.